ஊர் ரோடு யார் கணக்கில்?

ஒரகடம் கூட்டுரோட்டில் இரண்டு மாநில நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போவது எண் 48. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போவது எண் 57. இரண்டையும் அகலப்படுத்தி, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, சந்திப்பில் மேம்பாலமும் கட்டியாயிற்று. புதுக் கார்களை ஏற்றிய நீள லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அந்த நெடுஞ்சாலையிலிருந்து ஏதாவது ஒரு ஊருக்குள் திரும்புங்கள். பத்து பன்னிரண்டு அடி அகலத் தார் ரோடு, ஓரம் கரைந்து, நடுவில் குழி விழுந்து கிடக்கும். மழை பெய்தால் நெல் ஏற்றிய டிராக்டர் ஒரு பக்கம் சாய்ந்துதான் போகும்.

இதைப் பார்க்கிறவர்கள் வழக்கமாக ஊராட்சித் தலைவரைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் கான்ட்ராக்டரை. அவர்கள் பங்கு இருக்கலாம், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் பார்த்த எனக்கு, வரவு யார் கணக்கில் ஏறுகிறது, செலவு யார் தலையில் விழுகிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டால் பதில் சென்னையில், சட்டமன்றத்தில் போய் நிற்கிறது.

ரோட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஐந்து பேர்

நம் ஊரில் தேசிய நெடுஞ்சாலை நடுவண் அரசுடையது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை. அதற்கும் கீழே ஊராட்சிச் சாலை. இது போக, எந்தத் துறையும் தார் போடாத வண்டிப்பாதை, வாய்க்கால் கரை. நம் வயலுக்குப் போகும் வழி பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்றில்தான் இருக்கிறது.

1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 110, மற்ற வகைகளில் சேராத ஊர்ச் சாலைகளையும் அவற்றின் மேலுள்ள பாலம், சிறுபாலங்களையும் கட்டிப் பராமரிப்பது ஊராட்சியின் கடமை என்கிறது. பிரிவு 112 ஊராட்சி ஒன்றியத்துக்கு அதன் சாலைகளை ஒப்படைக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது அட்டவணையில் உள்ளாட்சிக்கு உரியவையாகச் சொல்லப்பட்ட 29 இனங்களில் 13ஆவது சாலைகளும் பாலங்களும். முதல் இனமே வேளாண்மை. மூன்றாவது சிறுபாசனம், நீர் மேலாண்மை.

பட்டியலில் இருப்பதெல்லாம் தானாக ஊராட்சிக்கு வந்துவிடாது. எதை, எவ்வளவு, எந்தப் பணத்தோடு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றம்தான் தீர்மானிக்கும். 73ஆவது திருத்தம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடுவண் அரசு கதவைச் செய்து கொடுத்தது, சாவி மாநிலத்தின் கையில்.

இது புதுக் கதையும் அல்ல. 1871இல் சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தபோது, நிலவரியின் மேல் ஒரு தனி வரி போட்டு அதை உள்ளூர் ரோட்டுக்குச் செலவழித்தார்கள். 1884, 1920 சட்டங்களின் கீழ் ஜில்லா போர்டுகள் இயங்கின. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் 'போர்டு ரோடு' என்று சொல்வது அந்த ஜில்லா போர்டு போட்ட ரோட்டைத்தான். 1946இல் மாகாண நெடுஞ்சாலைத் துறை பிறந்தது. 1958ஆம் வருஷத்துச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கியது, ஜில்லா போர்டுகள் கலைந்தன, முக்கியமான ரோடுகள் நெடுஞ்சாலைத் துறைக்குப் போயின. ஒவ்வொரு சட்டத்திலும் ரோடு கைமாறியது. ரோட்டின் மேல் ஓடும் வண்டியின் வரி மட்டும் ஊருக்குக் கைமாறவில்லை.

வரவும் செலவும்

ஒரு தொழிற்சாலை ஓர் ஊராட்சி எல்லைக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு வீட்டு வரி அந்த ஊராட்சிக்குக் கிடைக்கும். அங்கே வேலை செய்பவர்களின் தொழில் வரியும் கிடைக்கும். அதற்கு அரசமைப்புச் சட்டமே ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சம் என்று கட்டிவிட்டது. நிலம் கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு வசூலிக்கும் கூடுதல் 2 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு உரியது.

மற்ற வரவெல்லாம் எங்கே போகிறது? லாரிக்கு மோட்டார் வாகன வரி, 1974ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டப்படி, மாநிலத்துக்கு. டீசல் மேல் விற்பனை வரி மாநிலத்துக்கு. பாரம் அதிகம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019ஆம் வருஷத்துத் திருத்தம் சொல்கிறது. அந்தப் பணமும் அரசு கஜானாவுக்குத்தான். மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரிக்கிறது. பிரிப்பது மக்கள்தொகை போன்ற அளவுகோல்களை வைத்து. ஒரு ஊர் ரோட்டில் தினம் எத்தனை லாரி போகிறது என்ற கணக்கு அதில் இல்லை.

இதில் அதிகம் அடிபடுவது தொழிற்சாலை இருக்கும் ஊராட்சிகூட அல்ல. அதற்கு வீட்டு வரியாவது வருகிறது. பக்கத்து ஊராட்சிதான் பாவம். ஆலை அதன் எல்லையில் இல்லை, அதனால் வீட்டு வரியும் இல்லை, தொழில் வரியும் இல்லை. ஆனால் குறுக்கு வழி என்று லாரிகள் அந்த ஊர் வழியாகத்தான் போகும். ஜல்லி, மண், ஆட்களை ஏற்றும் பஸ், தண்ணீர் டேங்கர் எல்லாம் அதே ரோட்டில். வங்கியில் இப்படி ஒரு கணக்கு வந்தால், கடன் வாங்கினவர் ஒருத்தர், தவணை கட்டுகிறவர் இன்னொருத்தரா என்று ஆடிட்டர் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போவார்.

மனைப்பிரிவுகள் இன்னொரு தலைவலி. அங்கீகாரம் வாங்கும்போது உள் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இது சரியான ஏற்பாடுதான், ரோடு பொதுச் சொத்தாகிறது. ஆனால் மனை விற்ற லாபம் விற்றவரிடம், அந்த ரோட்டை இருபது வருஷம் பராமரிக்கும் பொறுப்பு ஊராட்சியிடம். பாதி மனை காலியாகக் கிடந்தாலும் தெருவிளக்கு எரிந்தாக வேண்டும்.

ஒரு அச்சு, ஆயிரம் டிராக்டர்

ரோடு ஏன் இவ்வளவு சீக்கிரம் உடைகிறது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை விட்டு ஓட்டி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அதில் தெரிந்தது: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. பொறியாளர்கள் இதை நான்காம் அடுக்கு விதி என்கிறார்கள். உலகம் முழுக்க ரோடு வடிவமைப்பில் இன்றைக்கும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் நாட்டில் ரோடு வடிவமைக்க எடுத்துக்கொள்ளும் நிலையான அச்சு 8.16 டன். லாரியின் நான்கு சக்கர ஒற்றை அச்சுக்குச் சட்டம் அனுமதித்த பாரம் 10.2 டன்னாக இருந்தது. 2018 ஜூலையில் நடுவண் அரசு ஓர் அறிவிக்கையில் அதை 11.5 டன்னாக உயர்த்தியது. பாரம் கூடியது 13 விழுக்காடு. நான்காம் அடுக்கில் போட்டுப் பாருங்கள், சேதம் 60 விழுக்காடு கூடுகிறது. அந்த அறிவிக்கையோடு எந்த ஊராட்சிக்கும் 60 பைசாகூடச் சேர்த்து வரவில்லை.

இன்னொரு கணக்கு. பின் அச்சில் 2 டன் சுமக்கும் ஒரு டிராக்டர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 11.5 டன் அச்சு ஒரு தடவை போவது, இந்த 2 டன் அச்சு ஏறக்குறைய 1,090 தடவை போவதற்குச் சமம். ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்க நெல்லும் வைக்கோலும் எருவும் ஏற்றிப் போய் செய்கிற சேதத்தை, ஆலை கட்டுமான லாரிகள் ஒரு வாரத்தில் செய்துவிடும். கிராமச் சாலைகள் 3.75 மீட்டர் அகலத்தில், குறைந்த போக்குவரத்துக்கென்றே வடிவமைக்கப்படுபவை. அவற்றை நெடுஞ்சாலை போலப் பயன்படுத்தினால் எந்தத் தரமான கான்ட்ராக்டர் போட்டாலும் நிற்காது.

ரோட்டுக்கு அடியில் வாய்க்கால்

நம்மைப் போன்ற இயற்கை உழவர்களுக்கு ரோட்டைவிட ரோட்டுக்கு அடியில் இருப்பது முக்கியம். காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிப் பாசன மாவட்டம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் ஏரியை நம்பித்தான். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கம் பக்கம் போகிறது. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி அடையாற்றுக்குப் போகிறது. ஒரு ஏரியின் கலங்கல் அடுத்த ஏரியின் வரத்து. இந்தச் சங்கிலியை எங்கேயோ ஒரு ரோடு குறுக்கே வெட்டுகிறது. அங்கே போதிய சிறுபாலம் இல்லாவிட்டால் மேல் பக்கத்து வயல் மூழ்கும், கீழ் பக்கத்து ஏரி காயும்.

இங்கேயும் சட்டம் சொத்தைக் கூறு போட்டிருக்கிறது. 40 எக்டேரும் அதற்கு மேலும் பாசனப் பரப்பு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு. குறுக்கே போகும் ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு. வாய்க்கால் வருவாய்த் துறைப் பதிவேட்டில். ரோட்டை உயர்த்தும் துறை வாய்க்காலின் மட்டத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். நான் நாலு ஏக்கரில் கிச்சிலிச் சம்பாவும் காய்கறியும் செய்கிறேன். பக்கத்தில் ஒரு கட்டுமானத்துக்காக ஊர் ரோட்டின் மேல் கிராவல் கொட்டி இரண்டு அடி உயர்த்தினார்கள். அடியில் இருந்த பழைய குழாய் மண்ணில் புதைந்துவிட்டது. அந்த ஐப்பசி மழையில் மேல் பக்கத்து ஆறு குடும்பங்களின் நாற்று ஒன்பது நாள் தண்ணீரில் நின்று அழுகியது. என் நிலத்துக்கு ரோட்டுத் தண்ணீர், டீசல் வழுவழுப்போடு, நேராக வந்தது. அங்ககச் சான்றிதழுக்காக நான் விட்டு வைத்திருந்த இடைவெளிப் பகுதிதான் அன்றைக்கு நெல்லைக் காப்பாற்றியது. ரோட்டை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் அந்த ஓரத்துப் பகுதிதான் என்பதைச் சான்றிதழ் வைத்திருக்கும் நண்பர்கள் மனதில் வைக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போட்டு, புலப்படத்தில் வாய்க்காலைக் காட்டி, ஒன்றிய அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தோம். அடுத்த சம்பாவுக்குள் புதுக் குழாய் பாலம் வந்தது. படம் கையில் இருந்ததால்தான் வந்தது.

ஊரின் சொல்லுக்கு என்ன மதிப்பு?

2013இல் நடுவண் அரசு நிலம் எடுப்புக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், அதில் ஊராட்சியைக் கலந்து பேச வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் 80 விழுக்காடு, அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 விழுக்காடு குடும்பங்களின் சம்மதம் வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தை எடுக்க வரம்பு உண்டு.

தமிழ்நாடு அரசு அதில் 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. அவற்றில் இரண்டு நம் பகுதியோடு நேராகச் சம்பந்தப்பட்டவை. ஒன்று 1997ஆம் வருஷத்துத் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம். இன்னொன்று 2001ஆம் வருஷத்து நெடுஞ்சாலைகள் சட்டம். 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் வேறொரு சட்டம் இயற்றி மூன்றுக்கும் மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஆக, இழப்பீட்டுத் தொகை 2013 சட்டப்படி கிடைக்கும். சமூகத் தாக்க மதிப்பீடும் ஊராட்சியோடு கலந்து பேசுவதும் சம்மதமும் கிடைக்காது.

பரந்தூர் விமான நிலையத்துக்கு 1997 சட்டத்தின் கீழ்தான் நிலம் எடுக்கிறார்கள். ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நில எடுப்பு அறிவிக்கைகளும் திரும்பத் திரும்ப வந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடிவதற்குக் காரணம் மேலே சொன்ன விலக்குதான்.

2023 ஏப்ரல் 21 அன்று விவாதமில்லாமல் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமும் இந்த வரிசையில் வருகிறது. 100 எக்டேருக்குக் குறையாத திட்டப் பகுதிக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற அரசு நிலம் இருந்தால், நிபுணர் குழுவின் அறிக்கையைக் கொண்டு அதைத் திட்டத்தோடு ஒருங்கிணைக்க வழி செய்கிறது. உழவர் அமைப்புகள் எதிர்த்தன. நம் வண்டிப்பாதையும் வரத்துக் கால்வாயும் பதிவேட்டில் அரசு நிலம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் எதிர்ப்பின் காரணம் புரியும்.

ஐந்து வருஷம் ஆளில்லா ஊராட்சி

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், இட ஒதுக்கீட்டுக் குறைபாடுகளால் நீதிமன்றத்தில் ரத்தானது. சட்டமன்றம் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தித் தனி அலுவலர்களை உட்கார வைத்தது, அவர்கள் காலத்தைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தபோதும் காஞ்சிபுரம் விடுபட்டது. மாவட்டங்கள் பிரிந்ததால் விடுபட்ட ஒன்பதில் நாமும் ஒன்று. எங்களுக்குத் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வந்தது.

அந்த ஐந்து வருஷமும் இந்தத் தொழில் பகுதி ஓயாமல் வளர்ந்த வருஷங்கள். ரோடு உடைந்தால் கேட்க வார்டு உறுப்பினர் இல்லை, தீர்மானம் போட மன்றம் இல்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று நடுவண் நிதி ஆணைய மானியமும் நின்றது. 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக் காலம் முடிந்தது. அங்கே மறுபடியும் தனி அலுவலர்கள். காஞ்சிபுரத்தில் 2021இல் வந்தவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது.

மற்ற இடங்களில்

ஒரகடத்தை 'டெட்ராய்ட்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 83 கவுண்டிகள், நம் மாவட்டம் போல. அங்கே 1951ஆம் வருஷத்து 51ஆம் எண் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எரிபொருள் வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் ஒரு சாலை நிதியில் சேரும். முதல் கழிவுகள் போக, மாநில நெடுஞ்சாலைக்கு 39.1 விழுக்காடு, கவுண்டிகளுக்கும் அதே 39.1, நகரங்களுக்கு 21.8 என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பனி உருகி மண் இளகும் மாதங்களில் தன் ரோட்டில் லாரிப் பாரத்தைக் குறைக்கும் அதிகாரமும் கவுண்டிக்கு உண்டு. அங்கேயும் குழி விழுகிறது, சண்டை நடக்கிறது. ஆனால் வண்டி கட்டும் வரியில் உள்ளூருக்குப் பங்கு என்பது அதிகாரியின் தயவு அல்ல, சட்டம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளம் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. ரோட்டுப் பராமரிப்புக்கென்று தனி நிதியும் உள்ளாட்சிகளுக்கு அங்கே கொடுக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலில் உங்கள் வயலுக்குப் போகும் வழி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சியிலும் ஒன்றியத்திலும் சாலைப் பதிவேடு இருக்கும். அதில் உங்கள் ரோடு இல்லாவிட்டால் அதற்குப் பணமும் வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேளுங்கள்.

இரண்டாவது, புலப்படமும் 'அ' பதிவேட்டு நகலும் எடுத்து வண்டிப்பாதை, வாய்க்கால் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். ஒவ்வொருவரும் தன் நிலத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது. ஏரி மதகிலிருந்து கடைமடை வரை ஊராகச் சேர்ந்து எடுங்கள்.

மூன்றாவது, கனரக வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115, ஒரு ரோட்டின் அல்லது பாலத்தின் தன்மையைக் கருதி குறிப்பிட்ட வண்டிகளைத் தடை செய்ய மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அலுவலருக்கும் இடம் கொடுக்கிறது. ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிக்கைகூடத் தேவையில்லை. நடவு, அறுவடை மாதங்களுக்காவது கேட்டுப் பெறலாம். கிராம சபைத் தீர்மானத்தோடு, எத்தனை லாரி எந்த நேரத்தில் போகிறது என்று ஒரு வாரம் எண்ணி எழுதிய தாளையும் மாவட்ட ஆட்சியருக்கு வையுங்கள். எண் இல்லாத மனு அலமாரிக்குப் போகும்.

நான்காவது, ரோட்டு வேலை தொடங்கும் முன்பே சிறுபாலம் எங்கே, எத்தனை அடி என்று மதிப்பீட்டு நகலைப் பாருங்கள். தார் போட்ட பிறகு கேட்டால் அடுத்த நிதியாண்டு என்பார்கள்.

ஐந்தாவது, நில எடுப்பு அறிவிக்கை வந்தால் அதில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிடுங்கள். நிலம் உங்களுடையது இல்லாவிட்டாலும், உங்கள் வாய்க்காலோ வழியோ அந்தச் சர்வே எண்ணில் இருந்தால் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இவை எல்லாம் இருக்கிற சட்டத்துக்குள் செய்ய முடிந்தவை. சட்டத்தையே மாற்றக் கேட்க வேண்டியதும் இருக்கிறது. மோட்டார் வாகன வரியில் ஊராட்சிச் சாலைகளுக்கு ஒரு நிலையான பங்கு வேண்டும். கட்டுமான லாரி ஓட்டும் நிறுவனம் முன்கூட்டியே ரோட்டுக்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும். நான் வங்கியில் இருந்தபோது ஈடு இல்லாமல் கடன் கொடுத்தது கிடையாது. ஊர் ரோட்டைக் கேட்கிறவர்களிடம் மட்டும் ஏன் ஈடு கேட்கக் கூடாது?

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபையில் இரண்டு தீர்மானம் கொண்டுபோங்கள். ஒன்று, ஊராட்சியின் சாலை, வண்டிப்பாதை, வாய்க்கால் பட்டியல் முழுதாகப் பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டு, நம் ஊராட்சிக்குத் தேர்தல் காலம் தவறாமல் நடக்க வேண்டும். தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதியதை ஒரு தடவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.